வழிக்குறிப்பேடு

கிருஷ்ணகிரி மாவட்டத்து நாகரசம்பட்டியிலிருந்து ஊர்தியில் புறப்பட்டு, காவேரிப்பட்டணம் வழியாக நெடுஞ்சாலையில் ஏறி, வடக்கு நோக்கியே சென்றுகொண்டிருந்தால் எங்குச் சென்று சேரலாம்? காசிக்குச் சென்று சேரலாம். கன்னியாகுமரியையும் வாரணாசியையும் இணைத்த பழைய ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை 2369 கிலோமீட்டர் நீளமுடையது. ஒருகாலத்தில் நாட்டின் மிக நீண்ட நெடுஞ்சாலையாக விளங்கியது. 2010ஆம் ஆண்டு சாலைகளின் எண்கள் மாற்றியமைக்கப்பட்டபோது அதன் தென்பகுதியும் நடுப்பகுதியும் நாற்பத்து நான்காம் எண்ணைப் பெற்றன. எண் மாறினாலும் வழி மாறவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், பெங்களூரு, அனந்தப்பூர், கர்நூல், ஐதராபாத், நிர்மல், நாக்பூர், சிவனி, ஜபல்பூர், ரேவா எனத் தொடர்ந்து காசியை அடையும் அவ்வழி ஏறத்தாழ 1900 கிலோமீட்டர். தென்பெண்ணையாற்றின் அருகே தொடங்கும் அப்பயணம் வடபெண்ணை, துங்கபத்திரை, கிருஷ்ணை, கோதாவரி, நருமதை ஆகியவற்றைக் கடந்து கங்கைக்கரையில் முடியும். இடையில் ஏழு மாநிலங்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, மராத்தி, இந்தி என மொழிகளும் மாறிக்கொண்டே வரும்.

இத்தகைய நெடும்பயணத்தைப் படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த்தொட்டியும் பொருத்தப்பெற்ற வேனில் மேற்கொள்வோர் இன்று பெருகியுள்ளனர். கேம்பர் வேன் என்பது அவ்வூர்திக்கு வழங்கும் பெயர். பெயர் புதிது, பழக்கம் புதிதன்று. தமிழ்நாட்டிலிருந்து சமையற்காரரையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு காசிக்குச் செல்லும் சுற்றுலாப் பேருந்துகளை அறியாதார் இலர். ஓட்டுநர் அறையிலேயே உறங்கி, சாலையோர மரநிழலில் சமைத்துண்டு, வாரக்கணக்கில் வடநாடு சென்று மீளும் லாரித் தொழிலாளர்களுக்கு அவ்வண்டியே வீடு. பெரியார் தம் முதுமைக்காலச் சுற்றுப்பயணங்களை வேனிலேயே மேற்கொண்டார். இன்ன நாளில் இன்ன ஊர் என்னும் பயணத்திட்டம் ‘விடுதலை’ இதழில் முன்னரே வெளிவரும்.

கைப்பேசியில் நிலப்படம் இருக்கும்போது திட்டமும் குறிப்பும் எதற்கு என்னும் வினா எழலாம். நிலப்படம் திருப்பங்களைச் சொல்லும், தொலைவைச் சொல்லும். இவ்வூர்க் கிணற்றுநீர் உவர்ப்பு என்பதையோ, இத்திருப்பத்தில் இரவில் விளக்கின்றி லாரிகள் நிற்கும் என்பதையோ அது பெரும்பாலும் சொல்வதில்லை. அவற்றை, முன்பு அவ்வழியே சென்றவரே சொல்லவேண்டும்.

சென்றவர் செல்வோர்க்குச் சொல்லும் இம்மரபைத் தமிழர் ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தனர். ஆற்றுப்படை என்பதில் ‘ஆறு’ என்பது வழி. பரிசில் பெற்று மீள்பவர், பரிசில் நாடிச் செல்வோரை எதிர்ப்பட்டு வழிகூறுவதே அதன் அமைப்பு. பத்துப்பாட்டில் இடம்பெறும் மலைபடுகடாம், கிருஷ்ணகிரியை அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துகிறது. புகழுரையை நீக்கிவிட்டு நோக்கினாலும், வழிச்செல்வோர்க்கான எச்சரிக்கைத் தொகுப்பு ஒன்று அதில் எஞ்சி நிற்கும். பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள இடம், பாம்புகள் பதுங்கும் குழிகள், பாசி படிந்து வழுக்கும் பாறை, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் பறந்துவரும் சரிவு, இன்ன நிலத்து மக்கள் இன்ன உணவு தருவர் என்னும் செய்தி ஆகிய அனைத்தும் அதில் உள. வழிகள் பிரியும் இடத்தில் புல்லை முடிந்து அடையாளமிடுமாறும் அப்பாட்டு அறிவுறுத்துகிறது. அம்முடிச்சு, வழியறியாது பின்னால் வரும் புதியவர்களுக்காக இடப்படுவது.

எழுத்தில் நாள்தோறும் பதிந்த பயணக்குறிப்புக்குச் சென்னையே சிறந்த சான்று தருகிறது. சென்னை உச்சநீதிமன்றத்தில் தலைமை மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஏனுகுல வீராசாமி, 1830ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டார். குடும்பத்தினர், ஏவலர் என ஏறத்தாழ நூறு பேர் உடன்சென்றனர். தங்குவதற்குக் கூடாரங்கள், ஏறிச்செல்லப் பல்லக்கு, சுமை தூக்க ஆள்கள் எனச் சென்ற அக்கூட்டத்தை நகரும் வீடு என்பதைவிட நகரும் தெரு என்பது பொருந்தும். திருப்பதி, கடப்பை, அகோபிலம், திருச்சைலம், ஐதராபாத், நாக்பூர், ஜபல்பூர், பிரயாகை வழியாகக் காசி சேர்ந்து, கயை, கல்கத்தா, பூரி வழியாகக் கீழைக்கடற்கரை ஓரமாகத் திரும்பி, 1831 செப்டம்பர் 3ஆம் நாள் சென்னை மீண்டார். பதினைந்து மாதங்களும் பதினைந்து நாள்களும் ஆயின. ஐதராபாத்துக்கு வடக்கே நாக்பூர், ஜபல்பூர் என அவர் சென்ற திசையிலேயே மேற்கூறிய நெடுஞ்சாலையும் செல்கிறது.

வீராசாமியின் குறிப்புகளில் வருணனைக்கு முன்னதாக நிற்பவை பயன்பாட்டுச் செய்திகள். தங்கிய ஒவ்வோர் ஊரிலும் கடைகள் உளவா, அரிசியும் பருப்பும் கிடைக்குமா, நல்ல நீர் எங்கே, அடுத்த ஊர் எவ்வளவு தொலைவு, வழி கல்லா மணலா சேறா, ஆற்றைக் கடக்க ஓடம் உண்டா என்பவற்றை அவர் விடாது எழுதினார். ஐதராபாத்தில் மக்கள் படைக்கலம் தாங்கித் திரிந்ததை எழுதினார். ஆட்சி மாறும் எல்லைகளில் வாழ்க்கைமுறை எவ்வாறு மாறுகிறது என்பதையும் எழுதினார். காசிப்பயணம் உயிருக்கு உறுதியற்ற பயணமாக இருந்த காலம் அது. வழியில் நோயுற்று இறந்தோர் பலர். ‘இவ்வூரில் நல்ல நீர் உண்டு’ என்னும் ஒருவரிக்கு, அடுத்த ஆண்டு அதே வழியில் குழந்தைகளுடன் செல்லும் குடும்பம் ஒன்று என்ன மதிப்பளித்திருக்கும் என்பதை எண்ணிப்பார்க்கலாம். அழகிய வருணனைகள் நிறைந்தும் இத்தகைய ஒரு வரிகூட இல்லாத பயணநூல்கள் இன்றும் வெளிவருகின்றன என்பதையும் இங்குச் சொல்லத்தான் வேண்டும்.

இனி நாகரசம்பட்டியிலிருந்து புறப்படும் வேனுக்கு வருவோம். நால்வர் செல்வதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 250 கிலோமீட்டர் என வகுத்தால், மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து மணிநேரம் ஓட்டவேண்டும். 1900 கிலோமீட்டருக்கு எட்டு நாள்கள். மூன்று நாள்களுக்கு ஒருமுறை ஓய்வு கொண்டால் பத்து நாள்கள். ஒரு லிட்டர் டீசலுக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடும் வண்டியெனின், சென்றுவர 380 லிட்டர் வேண்டும். நாளொன்றுக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டலாமே எனச் சிலர் கூறுவர். ஓட்டலாம், ஆனால் அன்று பார்த்தது எதுவும் குறிப்பேட்டில் ஏறாது, இருட்டிய பிறகே தங்குமிடம் தேட நேரும். பொழுது சாய்வதற்கு ஒரு மணிநேரம் முன்னதாக வண்டியை நிறுத்துவது நீண்டநாள் ஓட்டுநர்கள் பலரும் கூறும் அறிவுரை.

நீரின் கணக்கு பலர் கருதுவதைவிடக் கடினமானது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்றால், நால்வர்க்கு இரண்டு நாளுக்கு நாற்பது லிட்டர்; அதாவது நாற்பது கிலோ எடை. குளியலுக்கும் கழிப்பறைக்கும் வேண்டிய நீர் தனி. தொட்டியைப் பெரிதாக்கினால் எடை கூடி எரிபொருள் செலவு உயரும். சிறிதாக்கினால் ஊர்தோறும் நீர் தேடி நிற்கவேண்டும். வீராசாமி நூறு பேருக்குத் தேடியதை நால்வருக்குத் தேடுகிறோம் என்பதே வேறுபாடு.

அடுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், லக்னோவிலிருந்து சுற்றுலா வந்தோரின் தொடர்வண்டிப் பெட்டி ஒன்று மதுரையில் நிறுத்தப்பட்டிருந்தபோது தீப்பற்றி எரிந்தது. ஒன்பது பேர் உயிரிழந்தனர். விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையே காரணம் எனக் கண்டறியப்பட்டது. வேனும் அவ்வாறு அடைபட்ட சிறு அறையே. கசியும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானதாகையால் மேலெழுந்து சன்னல் வழியே வெளியேறுவதில்லை. தரையில் படிந்து தேங்குகிறது. எனவே உருளை வைக்கும் பெட்டியின் அடிப்பகுதியில் வெளிக்காற்றுக்குத் திறப்பு இருத்தல் வேண்டும். வண்டியை நிறுத்திக் கதவுகளைத் திறந்துவைத்த பின்னரே அடுப்பைப் பற்றவைத்தல் வேண்டும். உறங்கும் முன் உருளையின் திருகை மூடியதைக் குறிப்பேட்டில் ஓர் அடையாளமிட்டுப் பதிவது மிகையான எச்சரிக்கை ஆகாது.

பருவமும் வழியை மாற்றும். மே மாதத்தில் நாக்பூர்ப் பகுதியின் வெயில் 45 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. திசம்பர், சனவரியில் கங்கைச் சமவெளியில் மூடுபனி. ஆகவே அக்டோபர், நவம்பரும் பிப்ரவரி, மார்ச்சும் உகந்தவை. வீராசாமி மே மாதத்தில் புறப்பட்டு, வெயிலையும் அதனையடுத்துத் தக்காணத்து மழையையும் ஒருங்கே எதிர்கொண்டார்.

ஓசூரை அடுத்த ஜூஜூவாடியில் தமிழ்நாட்டு எல்லை முடிகிறது. சொந்த ஊர்திக்கு அங்குத் தடையில்லை. வாடகை ஊர்தியெனில் நாடு முழுவதற்கும் செல்லும் சுற்றுலா உரிமம் பெற்றுள்ளதா எனப் புறப்படும் முன்னரே பார்த்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டு முதல் அது இணையவழியில் வழங்கப்படுகிறது. காப்பீடு, புகைச்சான்று, பாஸ்டேக் ஆகியவற்றின் காலமுடிவு நாள்களைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிவைப்பது நன்று.

குறிப்பேட்டை எவ்வாறு எழுதுவது? லாரி ஓட்டுநர்களின் ‘டிரிப் ஷீட்’ இதற்கு நல்ல அடிப்படை. புறப்பட்ட நேரம், தொலைவுமானி காட்டும் எண், டீசல் நிரப்பிய ஊரும் அளவும், சுங்கம், பழுது, செலவு ஆகியவை அதில் அன்றன்றே ஏறும். முதலாளியிடம் கணக்குக் காட்டவேண்டியிருப்பதால் பொய்யும் மறதியும் அதில் எளிதில் நுழைவதில்லை. அதனுடன் நீர், தங்குமிடம், சாலையின் நிலை ஆகியவற்றைச் சேர்த்தால் எலும்புக்கூடு அமைந்துவிடும். அதன்மேல் ஊரும் மனிதரும் வரவேண்டும். வடபெண்ணையைக் கடக்கையில் ஆற்றில் நீர் ஓடியதா, மணல் மட்டும் கிடந்ததா? நாக்பூருக்கும் சிவனிக்கும் இடையில் காட்டு விலங்குகள் சாலையைக் கடப்பதற்காகக் கட்டப்பட்டுள்ள கீழ்வழிகள் எவ்வாறு அமைந்துள்ளன? எவ்வூரில் இட்டலி மறைந்து ரொட்டி தொடங்கிற்று? எந்தக் கடைப்பலகையில் எழுத்து மாறிற்று? ‘அழகான ஊர், அன்பான மக்கள்’ என்று எழுதுவதால் எவருக்கும் எதுவும் தெரியவாராது.

கண்டது, கேட்டது, கருதியது மூன்றையும் பிரித்து எழுதுதல் இன்றியமையாதது. ‘இவ்வாற்றுப்பாலம் மழைக்காலத்தில் மூழ்கும்’ என்பது தேநீர்க்கடைக்காரர் கூறியதெனில், அவர் கூறினார் என்றே எழுதவேண்டும். மூழ்கியதை நாமே கண்டதுபோல் எழுதிவிட்டால், பின்வருவோர் அச்செய்தியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அறிய வழியில்லாது போகும். அன்றைய குறிப்பை அன்றே எழுதவேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். நான்கு நாள் கழித்து எழுதுகையில், கேட்டவை கண்டவையாகவும், ஓர் ஊர் மற்றோர் ஊராகவும் மனத்தில் உருமாறிவிடும். ஒளிப்படம் இக்குறையை ஓரளவு தீர்க்கும்; ஆயினும் நீரின் சுவையையும் பேசியவரின் சொல்லையும் அதனால் காட்ட இயலாது.

எவரிடம் கேட்பது என்பதையும் திட்டமிடலாம். ஓசூர்த் தொழிற்சாலைகளில் வடமாநிலத்தவர் பலர் பணிபுரிகின்றனர். நாம் செல்லக் கருதும் திசையிலிருந்து வந்தவர்கள் அவர்கள். மாம்பழமும் பிற சரக்கும் ஏற்றி வடக்கே சென்றுவரும் ஓட்டுநர்கள் கிருஷ்ணகிரிப் பகுதியிலேயே உள்ளனர். புறப்படும் முன் இவ்விரு திறத்தாரிடமும் ஒரு மாலைப்பொழுது பேசிப் பெறும் செய்திகள் எந்தக் கைந்நூலிலும் கிடைக்கமாட்டா. அவர்களுள் ஒருவர் தாம் வந்த வழியைச் சொல்ல நாம் எழுதிக்கொண்டால், அதுவும் ஒரு பயணக்குறிப்பே.

எழுதிய ஏட்டுக்குப் படி ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும். இன்று பக்கத்தைப் படமெடுத்து அன்றிரவே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். வீராசாமியும் அதனைத்தான் செய்தார். தம் குறிப்புகளை அவ்வப்போது கடிதங்களாகச் சென்னையிலிருந்த நண்பர் கோமளேசுவரன்பேட்டை சீனிவாசப் பிள்ளைக்கு அனுப்பிவந்தார். 1836இல் வீராசாமி மறைந்தார். அவர் உயிருடன் இருந்தவரை அக்குறிப்புகள் அச்சேறவில்லை. கடிதங்களைக் காத்துவைத்திருந்த சீனிவாசப் பிள்ளை 1838இல் அவற்றைக் ‘காசியாத்திரை சரித்திரம்’ என்னும் தெலுங்கு நூலாக வெளியிட்டார். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் 1941இல் திகவல்லி வேங்கட சிவராவ் அதனை மீண்டும் பதிப்பித்தார். 1973இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. எந்த ஊரில் அரிசி கிடைக்கும் என்று எழுதப்பட்ட அவ்வரிகளைக் கொண்டுதான், தொடர்வண்டி வருமுன் தென்னாட்டிலிருந்து காசிக்குச் சென்ற பெருவழியில் எங்கெங்குச் சந்தைகள் இருந்தன என்பதை வரலாற்றாய்வாளர்கள் இன்று அறிகின்றனர்.