வாசல் காவலுக்கு எதற்குக் கிடங்குச் சாவி?

2019 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வங்கியின் தரவு வெளியே போயிருப்பதற்கான தடயம், மென்பொருள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கிறது என்று யாரோ ஒருவர் எழுதியிருந்தார். ஜூலை 29 அன்று சியாட்டில் நகரில் ஒரு மென்பொறியாளரை எஃப்பிஐ கைது செய்தது. அமேசானின் கிளவுட் பிரிவில் முன்பு வேலை பார்த்தவர் அவர். அன்றே வங்கியும் விஷயத்தை வெளியிட்டது. கிரெடிட் கார்டு கேட்டு விண்ணப்பித்த சுமார் 10 கோடி அமெரிக்கர்கள், 60 லட்சம் கனடியர்கள் ஆகியோரின் விவரங்கள் திருடுபோயிருந்தன. 2005-லிருந்து சேர்ந்த விண்ணப்பங்கள் அவை. திருட்டு நடந்தது மார்ச் 22, 23 தேதிகளில். ஏறக்குறைய நான்கு மாதம் வங்கிக்குத் தெரியவில்லை.

கிளவுட் நிறுவனங்கள் விற்கும் பாதுகாப்புச் சேவைகளின் பட்டியலைப் பார்த்து மலைத்து நிற்பவர்களிடம் இந்த ஒரு வழக்கைப் படிக்கச் சொல்வேன். ஷீல்டு, வாஃப், ஐஏஎம், கேஎம்எஸ், இன்ஸ்பெக்டர், மேசி, கார்டுடியூட்டி, கிளவுட்ட்ரெயில், கான்ஃபிக் என்று அமேசானிடம் மட்டும் இத்தனை பெயர்கள். மைக்ரோசாஃப்ட்டும் கூகுளும் இதே வேலைகளுக்கு வேறு பெயர்கள் வைத்திருக்கின்றன. பெயர்களை மனப்பாடம் செய்து சான்றிதழ்த் தேர்வு எழுதிவிடலாம். எந்தச் சேவை எங்கே வேலை செய்யும், எங்கே அதன் வேலை முடிந்துவிடும் என்பது, ஒரு திருட்டை அடி அடியாகப் பின்தொடர்ந்தால்தான் மனதில் தங்கும்.

கேப்பிடல் ஒன் ஏனோதானோவென்று கிளவுடுக்குப் போன வங்கி இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தன் தரவு மையங்களை ஒவ்வொன்றாக மூடி முழுவதுமாக அமேசானுக்கு மாறிக்கொண்டிருந்த நிறுவனம் அது. கிளவுட் அமைப்புகள் விதிப்படி இருக்கின்றனவா என்று தானாகச் சரிபார்க்கும் ‘கிளவுட் கஸ்டோடியன்’ என்ற கருவியை உருவாக்கி, உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்ததும் இவர்கள்தான். அப்படிப்பட்டவர்களிடம்தான் இது நடந்தது.

திருடர் நுழைந்த இடம் வாஃப். இணையத்திலிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் படித்துப் பார்த்து, விஷமமானதைத் தடுத்து, மற்றதை உள்ளே அனுப்புகிற ஃபயர்வால் அது. இங்கே பயன்பட்டது அமேசான் விற்கும் வாஃப் இல்லை, மாட்செக்யூரிட்டி என்ற திறந்த மூல மென்பொருள் என்று பாதுகாப்புச் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ் அப்போது எழுதினார். வங்கி அதைத் தன் வாடகை சர்வர் ஒன்றில் ஓட்டிக்கொண்டிருந்தது. அமைப்பில் ஒரு பிழை. வெளியாள் கொடுக்கும் முகவரிக்கு அந்த ஃபயர்வால் தானே போய்க் கேட்டு, கிடைத்த பதிலை வெளியாளிடமே கொண்டுவந்து கொடுத்தது.

திருடர் கொடுத்த முகவரி 169.254.169.254. அமேசானின் ஒவ்வொரு வாடகை சர்வருக்கும் உள்ளிருந்து மட்டுமே எட்டக்கூடிய முகவரி இது. சர்வர் தன்னைப் பற்றிய விவரங்களையும், தனக்குத் தரப்பட்ட ‘ரோல்’ அனுமதிக்கான தற்காலிகச் சாவியையும் அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளும். வெளியாளுக்காக ஃபயர்வால் போய் அந்தச் சாவியை வாங்கி வந்தது. அதன் பிறகு திருடர் வாஃபைத் தொடவே தேவையில்லை. எஃப்பிஐயின் குற்றப் புகாரில் மூன்று கட்டளைகள் வருகின்றன: சாவியைப் பெறுவது ஒன்று, அமேசானின் எஸ்3 என்ற கோப்புக் கிடங்கில் என்னென்ன பக்கெட்டுகள் (கோப்புத் தொகுதிகள்) இருக்கின்றன என்று பட்டியல் கேட்பது ஒன்று, அவற்றைத் தன் பக்கம் நகலெடுப்பது ஒன்று. பட்டியலில் 700-க்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த ரோலின் பெயரிலேயே ‘வாஃப்’ என்ற சொல் இருந்தது. ஃபயர்வாலின் வேலை வரும் கோரிக்கையைச் சோதிப்பது. கார்டு விண்ணப்பங்கள் இருக்கும் பக்கெட்டுகளைப் பட்டியலிடவோ படிக்கவோ அதற்கு ஒரு தேவையும் இல்லை. வாசலில் நிற்கும் காவலாளியிடம் யாரோ கிடங்குச் சாவியையும் சேர்த்துக் கொடுத்துவைத்திருந்தார்கள். யாருக்கு எதைச் செய்ய அனுமதி என்று தீர்மானிக்கிற சேவை ஐஏஎம். என் கணக்கில் மற்ற எல்லாச் சேவைகளும் இதற்குப் பிறகுதான். வாஃபில் பிழை இருந்தும், ரோலின் அனுமதி குறுகலாக இருந்திருந்தால், அந்தச் சாவியை வைத்துக்கொண்டு திருடரால் எந்தப் பக்கெட்டையும் திறந்திருக்க முடியாது. ஃபயர்வால் என்றால் காசு கொடுத்து வாங்க உடனே ஒப்புதல் கிடைக்கிறது. அனுமதிகளை வரிவரியாகப் படித்துக் குறைப்பது யாரும் பாராட்டாத வேலை, நாள்கணக்கில் இழுக்கிற வேலை. கை போகும் இடத்தில் எல்லாம் ‘எல்லா அனுமதியும்’ என்று நட்சத்திரக் குறி போட்டுவிட்டு நகர்வதுதான் நடைமுறையில் நடக்கிறது.

‘தரவை என்கிரிப்ட் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறைத்து, வைத்திருந்தார்கள் அல்லவா?’ என்று கேட்கலாம். வைத்திருந்தார்கள். ஆனாலும் இந்த ஊடுருவலில் தரவை மறைவிலிருந்து மீட்கவும் வழி கிடைத்துவிட்டது என்று வங்கியே அறிவித்தது. சேமிப்பகத்தில் செய்யப்படும் என்கிரிப்ஷன், டிஸ்க்கையே தூக்கிக்கொண்டு போகிறவனிடமிருந்து காப்பாற்றும். படிக்கும் அனுமதியும் மறைவு நீக்கும் அனுமதியும் சேர்ந்தே உள்ள ரோலாக ஒருவர் வந்து கேட்டால், கிளவுட் அவருக்கு மறைவை நீக்கித் தெளிவாகவே கொடுக்கும். அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கேஎம்எஸ் போன்ற சாவி மேலாண்மைச் சேவையின் உண்மையான பயன், இந்த இரண்டு அனுமதிகளையும் வேறு வேறு கைகளில் வைக்க முடிவதுதான். இரண்டும் ஒரே ரோலுக்குப் போனால் அந்தப் பயன் இல்லை.

அன்று உண்மையில் காப்பாற்றியது டோக்கனாக்கம். சமூகப் பாதுகாப்பு எண் போன்ற சில தகவல்களுக்குப் பதிலாக ஒரு மாற்று எண்ணை வைத்துவிட்டு, அசலை முற்றிலும் வேறு இடத்தில் வேறு அனுமதியில் பூட்டுவது. வங்கி இதைப் பெருமளவு செய்திருந்தது. அதனால்தான் 10 கோடிப் பேரில் வெளியே போன சமூகப் பாதுகாப்பு எண்கள் சுமார் 1,40,000 என்ற அளவில் நின்றன. கனடாவில் அதற்கு இணையான எண்கள் சுமார் 10 லட்சம் போயின. பெயர், முகவரி, பிறந்த தேதி, சொன்ன வருமானம் எல்லாம் தனி. அவற்றை டோக்கனாக்கவில்லை.

இனி கவனிக்கும் சேவைகள். கிளவுட்ட்ரெயில் ஒரு பதிவேடு: யார், எப்போது, எந்த முகவரியிலிருந்து, என்ன கட்டளை கொடுத்தார் என்று எழுதிக்கொண்டே இருக்கும். பக்கெட் பட்டியல் கேட்பது போன்ற கட்டளைகள் தாமாகவே பதிவாகும். பக்கெட்டுக்குள்ளிருந்து ஒவ்வொரு கோப்பை எடுப்பதும் பதிவாக வேண்டும் என்றால் தனியாக முடுக்கிவிட வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. மின்னஞ்சல் வந்த பிறகு பதிவேடுகளைப் புரட்டியபோது அந்த மூன்று கட்டளைகளின் சுவடும் இருந்தது. ஆளை மறைக்கும் டார் வலையமைப்பின் முகவரிகளிலிருந்து வந்த அணுகலும் அதில் இருந்தது. ஃபயர்வாலின் ரோல் டார் வழியாக வந்து பக்கெட் பட்டியல் கேட்கிறது! இதைவிடப் பளிச்சென்ற அறிகுறி கிடைக்காது. எழுதுவது கிளவுட்ட்ரெயிலின் வேலை. அதைப் படித்து, இது வழக்கத்துக்கு மாறாக இருக்கிறதே என்று சத்தம் போடுவது கார்டுடியூட்டியின் வேலை. அந்தச் சத்தத்தைக் கேட்டு நடு இரவில் எழுந்து பார்ப்பது ஒரு மனிதரின் வேலை. இந்த மூன்றில் எதை விட்டாலும் மற்ற இரண்டும் வீண்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஷீல்டு, வெள்ளமாக வரும் போலிக் கோரிக்கைகளைச் சமாளிக்கும். இந்த வழக்கில் அதற்கு இடமில்லை. இன்ஸ்பெக்டர், மென்பொருளில் ஏற்கெனவே தெரிந்த ஓட்டைகளைத் தேடும். ஒருவர் தவறாக எழுதிய அனுமதி அதன் கண்ணில் படாது. அதற்குக் கான்ஃபிக் போன்ற அமைப்புச் சோதனைகள் வேண்டும். மேசி, எந்தப் பக்கெட்டில் அந்தரங்கத் தகவல் இருக்கிறது என்று தேடிச் சொல்லும்.

அமேசானுக்குப் பொறுப்பு இல்லையா? கட்டடமும் வன்பொருளும் எங்கள் பொறுப்பு, உள்ளே நீங்கள் செய்யும் அமைப்பு உங்கள் பொறுப்பு என்பது எல்லாக் கிளவுட் நிறுவனங்களும் சொல்லும் பங்கீடு. பொதுவாக அது நியாயம்தான். ஆனால் 169.254.169.254-இல் கேட்பவர் யாரானாலும் சாவி தந்தது அமேசானின் அன்றைய வடிவமைப்பு. கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் அந்த இடத்தில் ஒரு சிறப்புத் தலைப்புவரி இல்லாத கோரிக்கைக்குப் பதில் தருவதில்லை என்ற வழக்கத்தை ஏற்கெனவே வைத்திருந்தன. செனட்டர்கள் ரான் வைடனும் எலிசபெத் வாரனும் 2019 அக்டோபரில் இதைச் சுட்டிக்காட்டி, அமேசானை விசாரிக்கச் சொல்லி மத்திய வர்த்தக ஆணையத்துக்கு எழுதினார்கள். அவர்கள் கேட்டது சரியான கேள்வி என்றே நினைக்கிறேன். அடுத்த மாதமே அமேசான், முதலில் ஒரு டோக்கன் வாங்கினால்தான் சாவி கிடைக்கும் என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. பழைய முறையை உடனே மூடவில்லை. புதியதைக் கட்டாயமாக்குவதை வாடிக்கையாளரிடமே விட்டது. பழைய சர்வர்களை இன்றும் ஓட்டுகிறவர்கள் அந்த ஒரு அமைப்பை இன்றே சரிபார்ப்பது நல்லது.

வங்கி 2020 ஆகஸ்டில் 8 கோடி டாலர் அபராதம் கட்டியது. பாதிக்கப்பட்டவர்கள் தொடர்ந்த வழக்கில் பிறகு 19 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அபராதம் விதித்த வங்கி ஒழுங்குமுறை அமைப்பு முதல் காரணமாகச் சொன்னது, கிளவுடுக்கு மாறும் முன்பே செய்திருக்க வேண்டிய இடர் மதிப்பீட்டை வங்கி ஒழுங்காகச் செய்யவில்லை என்பதைத்தான். கிளவுடுக்கு மாறுமுன் அந்த மதிப்பீட்டை எப்படிச் செய்வது, யார் மேசையில் உட்கார்ந்து செய்வது என்பதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)