பூட்டிய சர்ச்சைத் திறந்த லத்தீன் பூசை!

இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு எதிர்க்கரை ஊர் நியூ பிரைட்டன். அங்குள்ள சர்ச்சின் பச்சைக் குவிமாடத்தைக் கண்டதும், 2-ம் உலகப்போர்க் கப்பல்காரர்கள் 'வீடு வந்தாச்சு' என்று மூச்சு விடுவார்களாம்.

அதற்கே 2008-ல் பூட்டு! கட்டடம் பழுது. ஊர்க்காரர்கள் விடவில்லை, போராடினார்கள்.

2012-ல் கதவு திறந்தது. உள்ளே வந்தவர்கள், பழைய முறைப்படி லத்தீனில் பூசை வைக்கும் பாதிரியார்கள்!

1960-களிலேயே தாய்மொழிப் பூசை வந்தாச்சு, புரியாத பாஷை இனி எதுக்கு என்பது ஒரு கட்சி. பாட்டன் காலத்துப் பூசையில்தான் பக்தி இருக்கு என்பது மறு கட்சி.

ஒற்றுமை கெடுகிறது என்று 2021-ல் போப் பிரான்சிஸ் லத்தீன் பூசைக்குக் கடிவாளம் போட்டார். பிஷப் அனுமதி கட்டாயம் என்றார்.

சண்டை ஓயவில்லை. ஆனால், பூட்டிய சர்ச்சில் எந்தப் பாஷையிலும் பூசை கிடையாது. இது நியூ பிரைட்டன்காரர்கள் கண்டறிந்த பாடம்!