மாமரத்தின் ஏழை உறவினர்கள்

மாமரத்தை அறியாதவர் நம் நாட்டில் யார்? ஆனால் அதன் உறவினர்களை அறிந்தவர் குறைவு.

தாவர நூலார் மாமரத்தை ஒரு பெரிய குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். உலகெங்கும் 800 இனங்களுக்கு மேல் கொண்ட குடும்பம் அது. முந்திரி அதைச் சேர்ந்தது. பிஸ்தா அதைச் சேர்ந்தது. மேற்கு ஆசிய நாடுகளில் புளிப்புக்காக உணவில் தூவுகிறார்களே, சுமாக், அதுவும் இந்தக் குடும்பத்துச் செடியின் கனிதான்.

இவையெல்லாம் பணக்கார உறவுகள். இவற்றுக்குத் தோட்டம் உண்டு, சந்தை உண்டு, விலை உண்டு. இதே குடும்பத்து ஏழைகள் மூவர் நம் கரட்டிலும் காட்டிலும் வேலி ஓரத்திலும் நிற்கிறார்கள். ஒதியன், சேரான், சாரை என்பவை அவற்றின் பெயர்கள். தண்ணீர் பாய்ச்சுவார் இல்லை. உரம் இடுவார் இல்லை. ஆயினும் வளருகின்றன.

குடும்ப அடையாளம்

மாங்காயின் காம்பைக் கிள்ளியதும் பால் வடிகிறது. அது உதட்டில் பட்டால் புண்ணாகிவிடும். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் கைத்தோலைப் பொத்துவிடும். இந்தக் காரம்தான் இக்குடும்பத்தில் பலருக்கும் பொதுவான சொத்து. சேரானில் அது உச்சத்தில் இருக்கிறது. ஒதியனிலோ சாதுவான பிசினாக வடிகிறது.

உத்தரத்துக்கு ஆகாத மரம்

‘ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது’ என்பது பழமொழி. வளர்ந்தும் வேலைக்கு உதவாத பிள்ளையை, ‘ஒதியமரம் மாதிரி நிற்கிறான்’ என்று திட்டுவதும் உண்டு.

பழமொழி பொய் அல்ல. ஒதியனின் கட்டை மென்மையானது. வீட்டுப் பாரத்தைத் தாங்காது. ஆனால் உத்தரம் ஆவது ஒன்றுதானா மரத்தின் வேலை?

ஒதியங்கிளையை வெட்டி மழைக்காலத்தில் நட்டுப் பாருங்கள். கை மொத்தமுள்ள போத்தும் வேர் பிடித்துத் தளிர்க்கும். நாற்று வேண்டாம், விதை வேண்டாம். நட்ட கம்பமே மரமாகிவிடும். அதனால்தான் அதை உயிர்வேலியாக வைத்தார்கள். தழை ஆடு மாடுகளுக்குத் தீனி. காட்டில் யானையும் அதை விரும்பித் தின்னும். பட்டை தோல் பதனிட உதவும். பிசின் துணிக்குக் கஞ்சி ஏற்றவும், அச்சடிக்கவும் பயன்பட்டது. சில பகுதிகளில் கலியாணப் பந்தலில் நடும் முகூர்த்தக்காலும் ஒதியங்கிளைதான். வெட்டி நட்டாலும் பட்டுப்போகாமல் துளிர்க்கும் மரத்தை மணமக்களுக்கு முன்னே நட்டது பொருத்தம் அல்லவா?

கோடை வந்தால் ஒதியன் இலை முழுவதையும் உதிர்த்துவிடும். பார்ப்பவர்கள் பட்ட மரம் என்று நினைப்பார்கள். அது சாவு அல்ல, சிக்கனம். இலை இல்லாவிட்டால் நீர்ச் செலவு இல்லை. அந்த மொட்டைக் கிளையிலேயே பூவும் பூத்துவிடும்.

இதன் விஞ்ஞானப் பெயரில் ‘கோரமண்டல்’ என்ற சொல் இருக்கிறது. அது நம் சோழமண்டலக் கரையின் பெயர்தான். ‘ஒடினா வோடியர்’ என்பது பழைய பெயர். ஒதியன் என்ற ஒலி அதில் கேட்கவில்லையா?

சிப்பாய்களை மிரட்டிய கொட்டை

சேராங்கொட்டையின் சாறு கறுப்பு மை. சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறி போட இதைத்தான் பயன்படுத்தினார்கள். சுண்ணாம்பு சேர்ந்துவிட்டால் எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் குறி போகாது.

இரண்டாம் உலகப் போரின்போது (1939-45) இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் கண்டன. டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். சட்டையில் இருந்த சலவைக் குறி பட்ட இடத்தில்தான் கொப்புளம்! அமெரிக்கக் காடுகளில் தோலைப் புண்ணாக்கும் ஒரு நச்சுக்கொடியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டின் நஞ்சும் ஒரே வகை.

அந்த நஞ்சையே சுத்தி செய்து மருந்தாக்கினார்கள் நம் சித்த வைத்தியர்கள். முறை தெரியாதவர்கள் அதைத் தொடவே கூடாது.

பாயசத்தில் ஒரு பருப்பு

சாரைப்பருப்பைப் பாயசத்திலும் பால் இனிப்பிலும் போடுவார்கள். ‘புக்கனானியா’ என்பது இம்மரத்தின் விஞ்ஞானப் பெயர். 1800-01ல் சென்னையிலிருந்து புறப்பட்டு, மைசூர், கன்னடம், மலையாள நாடுகளைச் சுற்றி வந்து எழுதிய பிரான்சிஸ் புக்கானன் என்ற டாக்டரின் நினைவாக வைத்த பெயர் அது.

மத்திய இந்தியாவில் பழங்குடி மக்களுக்கு இப்பருப்பு நல்ல வருமானம். அதுவே மரத்துக்கு வினையாகிவிட்டது. பிறர் முந்திக்கொள்வார்களே என்று பழம் முற்றுமுன் பறிக்கிறார்கள். கிளையோடு வெட்டுவதும் உண்டு. விதை விழாத காட்டில் கன்று எப்படி முளைக்கும்? பல இடங்களில் சாரை குறைந்து வருகிறது.

யாருக்கு நஷ்டம்?

சாரைக்கு அதன் விலை பகை. ஒதியனுக்கு விலையின்மையே பகை. உயிர்வேலி இருந்த இடத்தில் கல்லுக்காலும் கம்பியும் வந்துவிட்டால் ஒதியனுக்கு அங்கே இடம் இல்லை. கம்பி தழை தருமா? நிழல் தருமா? தேனீக்குப் பூ தருமா? துருப்பிடித்தால் மறுபடி காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஒதியனோ வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

வரட்டு நிலத்தில் மரம் வைக்க விரும்புகிறவர்கள் தூரதேசத்து மரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. அடுத்த மழைக்கு முன் பக்கத்து வேலியில் நாலு ஒதியம் போத்து கேட்டு வாங்குங்கள். குழி தோண்டி நட்டு, மண்ணை நன்றாக மிதித்துவிடுங்கள். ஆடு கடிக்காமல் சில மாதம் காத்தால் போதும்.

உத்தரத்துக்கு ஆகாவிட்டால் போகட்டும். ஊருக்கு ஆகும்.