தேநீர்ச்சாலைகளும் 'ஹை டீ' உணவும்

சென்னை மாநகரத்துப் பெரிய ஓட்டல்கள் சில, மாலை நான்கு மணியளவில் 'ஹை டீ' என்னும் பெயரால் ஒரு சிற்றுண்டி அளித்து வருகின்றன. மூன்றடுக்குத் தட்டில் மெல்லிய ரொட்டித் துண்டங்களையும் இனிப்புப் பண்டங்களையும் அடுக்கிவைத்து, பீங்கான் கிண்ணத்தில் தேநீர் வார்ப்பர். அண்மையில் அத்தகைய ஓரிடத்திற்குச் சென்று மீண்ட நண்பரொருவர், "இஃது ஆங்கில நாட்டுப் பிரபுக்கள் அருந்துவது, ஆதலினாற்றான் 'உயர்ந்த தேநீர்' எனப் பெயர் பெற்றது" என்று எனக்கு உரை விரித்தார். இலக்கணம் பயில்வானுக்கு ஓர் அடைமொழியைக் கண்டால் அது குறிப்பது யாதென வினவாதிருத்தல் அரிது. ஆராய்ந்து பார்த்தவிடத்து, நண்பர் உண்மையைத் தலைகீழாக நிறுத்திவிட்டார் என்பது புலனாயிற்று. அதனையே ஈண்டு விளக்கப் புகுந்தேன்.

பிரபுக்களின் மாலைச் சிற்றுண்டிக்குப் 'பிற்பகல் தேநீர்' என்பதே பெயர். பெட்போர்டுக் கோமகனின் மனைவியாரான அன்னா அம்மையார் 1840ஆம் ஆண்டளவில் அவ்வழக்கத்தைப் பரப்பினர் என்பர். செல்வர் வீடுகளில் இராவுணவு எட்டு மணிக்குத் தள்ளிப்போயிற்று, இடையிற் பசித்தது, அவ்வளவே அதன் வரலாறு. 'ஹை டீ' என்பதோ வட இங்கிலாந்திலும் ஸ்காத்லாந்திலும் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தோர் மாலை ஐந்து, ஆறு மணிக்கு வீடு திரும்பியதும் உண்ட முழு உணவு. வரவேற்பறையின் தாழ்ந்த சிறு மேசையிலன்றி, உணவு மேசையிலேயே அமர்ந்து, உப்பிட்ட பன்றியிறைச்சி, முட்டை, மீன், பாலாடைக்கட்டி, ரொட்டி முதலியவற்றை வயிறார உண்டு, உடன் சூடான தேநீரும் பருகினர். 1784ஆம் ஆண்டிலே தேயிலை வரியை நூற்றுக்கு 119இலிருந்து பன்னிரண்டரையாகக் குறைத்ததனால், முன்பு செல்வர் பேழையிற் பூட்டிவைத்திருந்த அப்பொருள் நாளடைவில் ஏழையர் அடுப்பங்கரைக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே இவ்வடைமொழி ஒருவகைத் தேநீரை மற்றொரு வகையினின்று பிரித்துக் காட்டுவது மெய்யே; ஆனால் அது சுட்டும் வேறுபாடு நண்பர் எண்ணிய உயர்குலப் பெருமையன்று.

வீட்டுக்குரிய இவ்வுணவு நகரத்துக் கடைத்தெருவிற்கு வந்த கதை சுவையுடையது. அக்கதையில் முதலிடம் பெறும் ஊர் இலண்டன் அன்று, கிளாஸ்கோ ஆகும். ஸ்டூவர்ட் கிரான்ஸ்டன் என்னும் தேயிலை வணிகர் 1875ஆம் ஆண்டிலே தம் கடையிற் சில மேசைகளை இட்டு, தேயிலை வாங்க வருவோர் அமர்ந்து பருகிச் சுவை காணுமாறு செய்தார். அவர்தம் தங்கையார் கேட் கிரான்ஸ்டன் அம்மையார் இதனினும் பெரிதாக எண்ணினார். 1878இல் ஆர்கைல் தெருவில் தமது முதற் சாலையைத் திறந்து, பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு இடங்களில் அதனை விரித்தார். வணிகக் குடும்பத்துப் பெண்ணொருத்தி தன் பெயராலேயே கடை நடத்துவது அந்நாளில் எளிதன்று. 1892இல் மணம் புரிந்துகொண்ட பின்னரும் 'மிஸ் கிரான்ஸ்டன்' என்னும் பெயரை அவர் தொழிலில் விட்டாரில்லை.

அவர் செய்த துணிவான செயல், அந்நாளில் இளைஞராய் இருந்த சார்லஸ் ரென்னி மக்கின்டாஷ் என்னும் சிற்பியிடம் தம் சாலைகளின் அணியமைப்பை ஒப்படைத்ததே. முதுகு நெடிதுயர்ந்த நாற்காலிகள் இன்று பொருட்காட்சிச் சாலைகளிற் போற்றப்படுகின்றன. அவை முதன்முதல் வனையப்பட்டது தேநீர் பருகுவோர் சாய்ந்து அமர்வதற்கே என்பதைப் பலர் அறியார். 1903இல் சாக்கிஹால் தெருவிலே 'வில்லோ' சாலை திறக்கப்பட்டது. அதன் மாடியில் வெள்ளி வண்ண நாற்காலிகளும் ஆடிகளும் விளங்க, மக்கின்டாஷின் மனைவியார் மார்கரெட் மெக்டொனால்ட் இயற்றிய சுவர்ச்சித்திரமும் அமைந்த ஓர் அறை இருந்தது. பல ஆண்டுகள் வேறு தொழில்களுக்கு இடமாயிருந்த அக்கட்டடம் பழுது நீக்கப்பெற்று 2018இல் மீண்டும் திறக்கப்பட்டது.

அழகு ஒருபுறம் நிற்க, இச்சாலைகளால் விளைந்த பயன் யாது? கிளாஸ்கோ அக்காலத்திற் குடிவெறியால் அல்லலுற்ற நகரம். நண்பகலிலே பசித்த ஆடவனுக்குக் கைக்கெட்டிய இடம் மதுக்கடையே. மதுவிலக்கு இயக்கத்தார் மேடைகளில் முழங்கிக்கொண்டிருக்க, தேநீர்ச்சாலை யாதும் முழங்காது ஒரு நாற்காலியையும் சூடான உணவையும் காட்டியது. பெண்டிர்க்கோ அது மதுக்கடைக்கு மாற்று மட்டுமன்று. நற்குடிப் பெண்ணொருத்தி துணையின்றி உணவுக்கடையுட் புகுதல் இழுக்கெனப்பட்ட காலம் அது. பொருள் வாங்க நகருக்கு வந்தவள் பசியோடும் கால்நோவோடும் வீடு திரும்ப வேண்டியவளே. அவள் தன் தோழியுடன் தனியே வந்து, யாருடைய இசைவும் வேண்டாது, விரும்பியதைக் கேட்டு, தன் கைப்பணத்தைத் தானே கொடுத்து எழுந்து செல்ல இச்சாலைகள் இடம் தந்தன. வாக்குரிமை கேட்டுப் போராடிய மாதர் கூடிப் பேசுவதற்கும் தேநீர்ச்சாலைகள் பயன்பட்டன. முப்பது வயது கடந்த பெண்டிருட் பலர் 1918இலும், ஆடவரோடு ஒப்ப எல்லாரும் 1928இலும் அவ்வுரிமை பெற்றனர்.

இலண்டனிலும் 1864 முதலே ஒரு ரொட்டிக் கம்பெனியார் தேநீர்க் கடைகள் வைத்தனர். 1894இல் பிக்கடில்லித் தெருவில் லயன்ஸ் கம்பெனியார் தொடங்கிய கடை பல கிளைகளாகப் பெருகிற்று. அவற்றிற் பரிமாறிய பெண்கள் 'நிப்பி' என்னும் செல்லப்பெயரால் நாடெங்கும் அறியப்பட்டனர்.

இனி, கிண்ணத்தில் இருந்த தேயிலையையும் சிறிது நோக்குவோம். கிளாஸ்கோவிற் பிறந்து அங்கேயே மளிகைக் கடை தொடங்கிய தாமஸ் லிப்டன், 1890இல் இலங்கைக்குச் சென்று மலைத்தோட்டங்களை விலைக்கு வாங்கினார். அம்மலைகளிற் கொழுந்து கிள்ளியோர் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய நம் சீமைகளிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்கள். முதுகிற் கூடை சுமந்து அட்டைக்கடிபட்டு அவர்கள் கிள்ளிய கொழுந்தே கடல் கடந்து சென்றது. அக்கொழுந்தின் சாற்றைப் பருகியவாறு வாக்குரிமை பேசிய மாதர் அதனைப் பெற்ற பின்னர், கிள்ளிய பெண்டிர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தாம் வாழ்ந்த நாட்டிற் குடியுரிமையே இன்றி நின்றனர். அவர் வழியினருள் அது கிட்டாது எஞ்சியிருந்தோர்க்கு வழி திறந்த சட்டம் 2003இற்றான் வந்தது. தேநீர்ச்சாலைகளைப் புகழ்ந்தெழுதும் நூல்களில் இதனைக் காணல் அரிது; ஆதலின் இங்குச் சேர்த்தேன்.

ஸ்காத்லாந்தின் சிற்றூர் ஓட்டல்கள் சிலவற்றில் உண்மையான 'ஹை டீ' இன்றும் வழங்குகின்றது. பொரித்த ஹாடக் மீனோ, இறைச்சியோ, முட்டையோ, சூடான உணவு ஒன்று முதலில் வரும். அதனுடன் வாட்டிய ரொட்டியும் ஒரு கூசாத் தேநீரும் வரும். அது முடிந்த பின்னரே அடுக்குத் தட்டின் முறை. ஸ்கோன் என்னும் மென்ரொட்டியில் வெண்ணெயும் ஜாமும் தடவித் தின்று, இனிப்புப் பண்டங்களைக் கடைசியில் எடுத்தல் வழக்கம். இவற்றையெல்லாம் நண்பரிடம் எடுத்துரைத்தேன். அவர் சிறிது நேரம் வாளாவிருந்து, "அங்ஙனமாயின் யான் கொடுத்த பணத்திற்கு மீன் வந்திருக்க வேண்டுமே!" என்றார்.