குப்பாயமும் தோள்சீலையும்

பாறசாலையில் தையல்கடை வைத்திருக்கிறேன். எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பாலிருந்தும் பெண்கள் துணியோடு வருவார்கள். இளையவர்கள் கேட்பது பிளவுஸ், நடுவயதுக்காரர்களுக்கு ஜம்பர். வயதான ஒரு அம்மச்சி மட்டும், "மக்களே, ஒரு குப்பாயம் தச்சுத் தா" என்பார்.

அது மலையாளச் சொல் என்றே இங்கே பலரும் நினைக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சீவக சிந்தாமணியிலேயே குப்பாயம் இருக்கிறது. அதைப் போட்டிருப்பவன் ஒரு மிலேச்சன், அதாவது அந்நியன். கன்னடத்தில் ரவிக்கைக்குக் குப்பஸ என்று பெயர். வடமொழியின் கூர்ப்பாசம் என்ற மேற்சட்டையோடு இவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள் மொழி அறிஞர்கள்.

சுற்றி உடுத்துவது ஊர்க்காரர் துணி, வெட்டித் தைத்தது வெளியாள் துணி என்ற பழைய எண்ணம் அந்த மிலேச்சனிடம் எனக்குத் தெரிகிறது. திருவிதாங்கூரில் அதே எண்ணம் அரசாணையாகவே வந்தது. நாடார் பெண்கள் மாரை மறைக்கக் கூடாது என்றிருந்த காலம். பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் நாட்களில், கிறிஸ்தவரான பெண்கள் சிரியன் கிறிஸ்தவர்களையும் மாப்பிளைமாரையும் போலக் குப்பாயம் போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது. நாயர் பெண்கள் தோளில் போடும் மேல்முண்டு, அதாவது தோள்சீலை, மட்டும் கூடாது. 1829-ல் வந்த அரசு அறிவிப்பும் அதையே சொன்னது.

இந்தத் தடையை எதிர்த்து எழுந்த தோள்சீலைக் கலகத்தை வெறும் மாரை மறைக்கும் சண்டையாகச் சொல்லும்போது எனக்கு மனசு பொறுக்காது. தைத்த குப்பாயம் உடம்பை நன்றாகவே மறைக்கும்; தைக்கிறவள் சொல்கிறேன். அது கையில் இருந்தும் அந்தப் பெண்கள் அதற்கு மேலே தோள்சீலை போட்டுத் தெருவில் நடந்தார்கள், அடிபட்டார்கள், அவர்கள் துணி கிழிக்கப்பட்டது. மரியாதை அந்தத் தைக்காத துணியில்தான் இருந்தது. அதைக் கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

1859 ஜூலை 26-ல் வந்த அறிவிப்பு, எந்த மதமானாலும் நாடார் பெண்கள் எல்லோரும் குப்பாயம் அணியலாம், மீனவப் பெண்களான முக்குவத்திகளைப் போல முரட்டுத் துணியும் கட்டலாம் என்றது. மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறை அப்போதும் கிடைக்கவில்லை.

1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு தாலுகா இன்றைய தமிழ்நாடான சென்னை மாநிலத்துக்குப் போனது, பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அந்தப் பெண்களின் பேத்திகள் எல்லைக்கு இருபுறமும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இன்றைக்கு நான் ரவிக்கை தைக்கிறேன். ஓணம் வந்தால் பாலராமபுரம் கைத்தறியில் நேரியதும் வாங்கித் தோளில் போட்டுக்கொள்கிறார்கள்.