மழைச்சாலையில் இருசக்கரப் பயணம்

நுழையும்முன்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையின் நீர்நிலைகளை நிரப்புகிறது. அதே மழை, நாள்தோறும் பழகிய சாலையின் இயல்பையும் மாற்றிவிடுகிறது. இன்று பெற்றோரின் பின்னிருக்கையில் அமர்ந்து பள்ளிக்குச் செல்லும் நாம், நாளை வண்டியை ஓட்டப் போகிறவர்கள். மழைக்காலச் சாலையை அறிந்துகொள்வது இருவருக்கும் தேவையான கல்வி.

நீர் நிற்கும் இடங்கள்

மழைக்காலப் பயணம் வழியைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது. தியாகராய நகர், 'லாங் டேங்க்' என்று அழைக்கப்பட்ட பெரிய ஏரியின் நீரை 1920களில் வடித்து உருவாக்கப்பட்ட பகுதியாகும். ஏரி மறைந்தாலும் தாழ்நிலம் மறையவில்லை. அங்கு இருப்புப்பாதையின் கீழே செல்லும் துரைசாமி சுரங்கப்பாதை, சற்றுத் தெற்கிலுள்ள அரங்கநாதன் சுரங்கப்பாதை ஆகியவற்றில் பெருமழையின்போது நீர் தேங்குவதுண்டு. மயிலாப்பூரோ கடலை ஒட்டிய சமநிலம். சரிவு குறைவாதலால் மழைநீர் விரைந்து வடிவதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது ஆற்றோரக் குடியிருப்புகள் நீரில் மூழ்கின. ஆகவே, மழை நாளில் குறுக்குவழியைவிட மேடான வழியே நல்ல வழி.

ஈரச்சாலையின் இயற்பியல்

சக்கரத்திற்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வே வண்டியை நிறுத்துகிறது. வளைவில் சறுக்காமல் காக்கிறது. நீர் அந்த உராய்வைக் குறைக்கிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் கடக்கிறது. இடையூற்றைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகிறது எனக் கொள்வோம். உராய்வுக் குணகம் உலர்ந்த சாலையில் 0.7, நனைந்த சாலையில் 0.4 எனக் கொண்டால், பிரேக் அழுத்தியபின் வண்டி நிற்க முறையே 9 மீட்டரும் 16 மீட்டரும் தேவைப்படும். முதல் ஒரு நொடியில் கடந்த தொலைவையும் சேர்த்தால் 20 மீட்டர், 27 மீட்டர் ஆகும். அதே ஈரச்சாலையில் வேகத்தை 20 கி.மீ. ஆகக் குறைத்தால் மொத்தம் 10 மீட்டருக்குள் வண்டி நின்றுவிடும். வேகம் பாதியானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தொலைவு கால் பங்காகிறது என்பதே இதன் காரணம்.

நெடுநாள் வெயிலுக்குப்பின் பெய்யும் முதல் மழை மிகுந்த வழுக்கலை உண்டாக்கும். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீருடன் கலந்து மெல்லிய படலமாவதே அதற்குக் காரணம். வண்ணக்கோடுகள், இரும்பு மூடிகள், பணி நடக்கும் இடங்களில் பரப்பிய இரும்புத் தகடுகள் ஆகியவை ஈரத்தில் மேலும் வழுக்கும். அவற்றின்மேல் நேராகச் செல்லவேண்டும். அங்கே திரும்புவதும் பிரேக்கை அழுத்துவதும் கூடாது.

ஓட்டும் முறை

மழையில் எந்தச் செயலும் திடீரென நிகழக் கூடாது. திருப்பத்திற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வண்டியை அதிகம் சாய்க்காமல் திரும்பவேண்டும். முன், பின் பிரேக்குகள் இரண்டையும் சேர்த்து மெல்ல அழுத்தவேண்டும். முன்செல்லும் பேருந்தை ஒட்டிச் சென்றால், அது தெறிக்கும் நீர் கண்ணை மறைக்கும். அதற்கு முன்னுள்ள பள்ளமும் தெரியாது. தேங்கிய நீரைக் கடந்தபின், பிரேக்குகளைச் சிலமுறை இலேசாக அழுத்தி ஈரத்தைப் போக்கவேண்டும். டயரின் வரிப்பள்ளங்களே அடியிலுள்ள நீரை வெளியேற்றுகின்றன. தேய்ந்த டயரைப் பருவமழைக்கு முன்பே மாற்றிவிடுவது நலம்.

உடையும் உடைமையும்

நனைந்து நடுங்கும் உடல் கவனத்தை இழக்கும். எனவே வசதியும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. தொளதொளவென்று பறக்கும் மழையாடையைவிட, மேற்சட்டையும் காற்சட்டையுமாக அமைந்த மழையுடை ஏற்றது. வெளிர் நிறமோ ஒளியைத் திருப்பும் பட்டையோ இருந்தால் பிறர் கண்ணில் எளிதில் படும். தலைக்கவசத்தின் கண்ணாடி நிறமற்றதாக இருக்கட்டும். மூச்சுக்காற்றால் அது மங்கினால் சற்றே திறந்துகொள்ளலாம். பின்னிருப்பவர் சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் சக்கரத்தில் சிக்காதவாறு செருகிக்கொள்ளவேண்டும். ஓடும் வண்டியில் குடை விரிப்பது பெருந்தீங்கு: காற்று குடையை இழுக்க, வண்டி நிலைதடுமாறும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் 50 கன செ.மீ.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு 16 வயதிலும், பிற மோட்டார் சைக்கிள்களுக்கு 18 வயதிலும் உரிமம் பெறலாம். சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019ஆம் ஆண்டின் சட்டத்திருத்தப்படி பாதுகாவலருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். தலைக்கவசம் ஓட்டுபவர், பின்னிருப்பவர் இருவருக்கும் கட்டாயம்.

நிற்கத் தெரிதல்

கலங்கிய நீரின் ஆழத்தைக் கண்ணால் அளக்க இயலாது. அதனடியில் திறந்த வடிகாலோ அறுந்த மின்கம்பியோ இருக்கலாம். ஆகவே, அடி தெரியாத நீரில் இறங்காமல் திரும்பிவிடுவதே அறிவுடைமை. புகைபோக்கிக் குழாய் மூழ்கி வண்டி நின்றுபோனால், மீண்டும் மீண்டும் இயக்க முயலக்கூடாது. நீர் புகுந்த எஞ்சின் பழுதாகும். வண்டியைத் தள்ளிச் சென்று மேட்டில் நிறுத்தவேண்டும். இடி மின்னலின்போது மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்திற்குள் ஒதுங்கவேண்டும். மேம்பாலத்தின் அடியில் சாலையை மறித்து நிற்பதும் விபத்தை அழைக்கும்.

நேரமாகிவிட்டதே என்னும் பதற்றமே பலரை மழையில் விரையச் செய்கிறது. மழைநாளில் சற்று முன்னதாகக் கிளம்புவோம். இயலாதபோது, "தாமதமாக வருகிறேன்" என்று வீட்டிற்குச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்போம். "அப்பா, மெதுவாகப் போகலாம்" என்று பின்னிருக்கையிலிருந்து எழும் குரலுக்கும் ஓட்டுபவரின் கையை நிதானப்படுத்தும் ஆற்றல் உண்டு. மழை ஓயும்வரை காத்திருப்பவர் இழப்பது சில நிமிடங்கள் மட்டுமே.