5 கிராமும் 500 கிராமும்

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் மார்ஃபின் வாங்க மருத்துவர் சீட்டுகூடத் தேவைப்படவில்லை. மருந்துக் கடையில் கிடைத்தது. தபாலில் எழுதிப் போட்டாலும் வீடு தேடி வந்தது. பல் முளைக்கும் குழந்தையின் அழுகையை அடக்கத் தாய்மார்கள் வாங்கிய ‘மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்’ புட்டியில் இருந்தது மார்ஃபின்தான். புட்டியின் மேல் ஒட்டிய தாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குடித்த குழந்தைகள் அயர்ந்து தூங்கின. சில குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை. 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1886இல் கோகோ கோலாவை உருவாக்கிய ஜான் பெம்பர்டனே உள்நாட்டுப் போரில் காயம்பட்டு, வலிக்கு மார்ஃபின் எடுத்து, அதற்கு அடிமையானவர்.

அந்தக் காலத்தில் இந்தப் பழக்கத்தில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வர்க்கத்து வெள்ளையினப் பெண்கள். ஏதோ ஒரு வலிக்கு மருத்துவர் போட்ட ஊசியில் தொடங்கியிருக்கும். அவர்களைப் பார்த்து ஊர் பரிதாபப்பட்டது, போலீஸைக் கூப்பிடவில்லை.

சட்டம் முதலில் பாய்ந்தது வேறு ஆட்கள்மேல். ரயில் பாதை போடவும் சுரங்கத்தில் உழைக்கவும் வந்த சீனர்கள், மார்ஃபினுக்கு மூலமான அபினைப் புகைத்தார்கள். 1875இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் அபின் புகைக்கும் விடுதிகளைத் தடை செய்தது. 1909இல் புகைக்கும் அபினின் இறக்குமதிக்கே நாடு முழுவதும் தடை வந்தது. குடிக்கிற அபினுக்கும் ஊசியில் ஏற்றுகிற மார்ஃபினுக்கும் அப்போது தடை இல்லை. கொக்கெய்ன் கதையும் இதுதான்: அதை உட்கொண்ட கறுப்பினத்தவர் துப்பாக்கிக் குண்டுக்கும் விழமாட்டார்கள் என்று பத்திரிகைகள் பீதி கிளப்பின.

இடையில், 1906இல், ஓசைப்படாமல் ஒரு நல்ல காரியம் நடந்தது. மருந்தில் அபின், மார்ஃபின், கொக்கெய்ன், கஞ்சா இருந்தால் புட்டியின் மேலேயே எழுத வேண்டும் என்று உணவு, மருந்துச் சட்டம் சொன்னது. வாங்கிக் குடித்தவர் யாரையும் சிறையில் தள்ளாத சட்டம் அது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் மக்கள் பலர் அந்தப் புட்டிகளைத் தொடுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

1914இன் ஹாரிசன் சட்டம் பெயரளவில் வரிச் சட்டம். அபின், கொக்கெய்ன் வகை மருந்துகளைக் கையாள்கிற மருத்துவரும் கடைக்காரரும் பதிவு செய்துகொண்டு வரி கட்ட வேண்டும், கணக்கு வைக்க வேண்டும், அவ்வளவுதான். ‘தொழில்முறையில் மட்டும்’ மருத்துவர் கொடுக்கலாம் என்ற ஒரு தொடரில்தான் எல்லாம் மாறிப்போனது. பழக்கத்தை விட முடியாதவருக்குத் தொடர்ந்து மார்ஃபின் எழுதித் தருவது மருத்துவமா? மெம்பிஸ் நகர மருத்துவர் ஒருவர்மேல் வந்த வழக்கில், 1919இல் உச்ச நீதிமன்றம் ‘இல்லை’ என்றது. அதன்பின் மருத்துவர்கள் கைது செய்யப்பட்டார்கள். பழக்கத்தை விட முடியாதவர்களுக்காகச் சில நகரங்கள் நடத்திவந்த மருந்தகங்களும் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. நேற்றுவரை நோயாளியாக வரிசையில் நின்றவர் கள்ளச் சந்தைக்குப் போனார். இந்த நீண்ட கதையின் உண்மையான திருப்பம் இந்தத் தீர்ப்புதான்.

1920 முதல் 1933 வரை நடந்த மதுவிலக்கு எல்லோரும் அறிந்த தோல்வி. மது திரும்பியது, தடை செய்யும் மனப்பான்மை போகவில்லை. 1930இல் தொடங்கிய மத்திய போதைப்பொருள் துறைக்கு 32 ஆண்டுகள் தலைவராக இருந்த ஹாரி ஆன்ஸ்லிங்கர், கஞ்சாவை மெக்சிகோக்காரர்களோடும் ஜாஸ் இசைக்கலைஞர்களோடும் முடிச்சுப் போட்டுப் பேசினார். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பிரதிநிதி எதிர்த்துச் சாட்சி சொல்லியும், 1937இல் கஞ்சா வரிச் சட்டம் நிறைவேறியது.

1971 ஜூனில் அதிபர் நிக்ஸன், போதைப் பழக்கம் நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். வியட்நாமில் போரிட்ட படைவீரர்களிடையே ஹெராயின் பரவியிருந்த நேரம். ஆனால் ஊர் திரும்பிய வீரர்களை ஆராய்ந்த லீ ராபின்ஸ், அங்கே அடிமையாகியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்கா வந்ததும் விட்டுவிட்டதைக் கண்டார். சூழல் மாறினால் பழக்கமும் மாறக்கூடும் என்ற இந்தச் செய்தி சட்டம் இயற்றியவர்களின் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. நிக்ஸன் அரசு, ஹெராயினுக்கு மாற்றாக மருந்து கொடுக்கும் மெத்தடோன் சிகிச்சைக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருக்குப் பின் வந்தவர்கள் பிடித்துக்கொண்டது ‘போர்’ என்ற பேச்சைத்தான்.

1986 ஜூனில் லென் பயாஸ் என்ற இளம் கூடைப்பந்து வீரர் கொக்கெய்னால் இறந்தார். பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்து இரண்டே நாள் ஆகியிருந்தது. அவர் எடுத்தது கொக்கெய்ன் தூள். நாடு பயந்ததோ கிராக்குக்கு. தூளைச் சமையல் சோடாவோடு காய்ச்சி எடுக்கும் கட்டிதான் கிராக். நகரத்து ஏழைக் கறுப்பினப் பகுதிகளில் சில டாலருக்குக் கிடைத்தது. அந்த அக்டோபரிலேயே சட்டம் தயார்: 5 கிராம் கிராக் விற்றால் குறைந்தது 5 ஆண்டு சிறை. அதே 5 ஆண்டுக்குத் தூளாக இருந்தால் 500 கிராம் விற்க வேண்டும். இரண்டும் ஒரே சரக்கு. மத்திய நீதிமன்றங்களில் கிராக் வழக்கில் தண்டனை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 1980இல் போதைக் குற்றத்துக்காகச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 40,000 பேர். பின்னர் அந்த எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. நூற்றுக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கு 2010இல்தான் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைந்தது. இன்னும் சமமாகவில்லை.

அடுத்த அலை மறுபடியும் மருத்துவர் சீட்டிலிருந்தே கிளம்பியது. 1996இல் பர்டூ நிறுவனம் ஆக்ஸிகான்டின் வலி மாத்திரையை விற்கத் தொடங்கியது. பழக்கமாகும் ஆபத்து குறைவு என்று மருத்துவர்களை நம்பவைத்தது. 2007இல் இந்தப் பொய்க்காக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மாத்திரை கிடைக்காதவர்கள் ஹெராயினுக்கும், 2013க்குப் பிறகு அதைவிட வீரியமான ஃபென்டனிலுக்கும் போனார்கள். 2021 முதல் 2023 வரை ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அளவு மீறிய போதையால் இறந்தார்கள். இந்த முறை செத்தவர்களில் வெள்ளையர் ஏராளம். அரசியல்வாதிகளின் பேச்சில் ‘நோய்’, ‘சிகிச்சை’ என்ற சொற்கள் திரும்பி வந்தன.

இதற்கிடையில் 1996இல் கலிஃபோர்னியா மருத்துவத்துக்கும், 2012இல் கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்கள் பொழுதுபோக்குக்கும் கஞ்சாவை அனுமதித்தன. எல்லாப் போதைப்பொருளையும் சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருப்பது குற்றமில்லை என்று 2020இல் வாக்களித்த ஓரிகன், தெருவில் பெருகிய போதையையும் சிகிச்சை மையங்கள் வரத் தாமதமானதையும் கண்டு, 2024இல் அதை மீண்டும் குற்றமாக்கியது. 2023 முதல் மூச்சை மீட்டுத் தரும் நாலக்ஸோன் மூக்குத் தெளிப்பான் சீட்டில்லாமலே கடைகளில் கிடைக்கிறது. 2024இல் இறப்புகள் ஏறக்குறைய 80,000ஆகக் குறைந்தன. காரணம் அந்தத் தெளிப்பானா, சிகிச்சையா, சரக்கின் வீரியம் குறைந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.